ஸ்கேனரில் ஒன்றும் வரவில்லை, இன்ஜின் மட்டும் திணறுகிறது: எங்கே தேடுவது?

இசிஎம்மை, அதாவது இன்ஜினை இயக்கும் கணினிப் பெட்டியை, மாற்ற வேண்டாம். குறைந்தபட்சம் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் அந்தப் பெட்டியைச் சந்தேகிக்க ஒரு காரணமும் எனக்குத் தென்படவில்லை.

உங்கள் பிரச்சினையை நான் புரிந்துகொண்ட விதம் இது. 2015ஆம் ஆண்டு வாங்கிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒழுங்காக ஓடுகிறது. இருபது, முப்பது நிமிடம் ஓடி நன்றாகச் சூடேறியதும் சிக்னலில் நிற்கும்போது உதறுகிறது. மூன்றாம் கியரில் அழுத்தினால் திணறுகிறது. எப்போதாவது தானாகவே அணைந்தும் போகிறது. செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை. இரண்டு இடங்களில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தும் ஃபால்ட் கோடு (பழுதைக் குறிக்கும் குறியீட்டு எண்) எதுவும் இல்லை. பிளக், ஏர் ஃபில்டர், ஓர் ஆக்சிஜன் சென்சார் எல்லாம் மாற்றியாயிற்று. மிச்சம் இருப்பது இசிஎம்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

ஃபால்ட் கோடு வராததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. செக் இன்ஜின் விளக்கு ஓட்டுபவரின் வசதிக்காக வந்ததல்ல, புகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்காக வந்தது. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து, அந்த விளக்கை இயக்கும் சுயபரிசோதனை அமைப்பான ஓபிடி-2 கட்டாயம். இந்தியாவில் பிஎஸ்-4 புகை விதிக் காலத்தில், 2013 ஏப்ரல் முதல் கட்டாயம். புகைக்குழாய் வழியாக வெளியேறுவது வரம்பை மீறுமா என்பதே அதன் கவலை. ஸ்டீயரிங்கில் உங்கள் கை உணரும் நடுக்கம் அதன் கணக்கில் வராது.

மிஸ்ஃபயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போனால் இன்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டின் சுழற்சி அந்தக் கணத்தில் சற்றுத் தளரும். இசிஎம் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. பெரும்பாலும் 1000 சுற்றுக்கு எத்தனை முறை தவறியது என்று எண்ணும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் 1000 சுற்றுக்குள் 2000 முறை எரிய வேண்டும். வரம்பு காருக்குக் கார் மாறும். அதை 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 40 முறை தவறினால்தான் அது குற்றம். ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, 750 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 750 சுற்று) என்றால் 1000 சுற்று முடிய 80 நொடி ஆகும். சிக்னலோ 40 நொடியில் பச்சைக்கு மாறிவிடுகிறது. அதற்குள் 25 முறை தவறியிருந்தால் கார் முழுவதும் குலுங்கியிருக்கும், உங்களுக்கு எரிச்சல் தலைக்கேறியிருக்கும். நீங்கள் கிளம்பிப் போனதும் மீதிச் சுற்றுகள் தவறில்லாமல் ஓடிவிடும். கணக்கு 25-இல் நின்றுவிடும், கோடு பதியாது. ஒருவேளை 40-ஐத் தாண்டினாலும் முதல் முறை அதைத் தற்காலிகக் குறிப்பாகத்தான் வைத்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் அப்படியே நடந்தால்தான் விளக்கு எரியும். புகையைச் சுத்திகரிக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டரையே எரித்துவிடும் அளவுக்கு மோசமான மிஸ்ஃபயருக்கு 200 சுற்றுக் கணக்கு என்று தனியாக ஒன்று உண்டு. உங்கள் கார் அந்த நிலையில் இல்லை.

சென்சார்களின் கதையும் இதேதான். ஒயர் அறுந்தாலோ, ஷார்ட் ஆனாலோ, நடக்கவே முடியாத ஓர் எண்ணைக் காட்டினாலோ உடனே கோடு விழும். 90 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 70 என்று காட்டினால்? அதுவும் நடக்கக்கூடிய எண்தானே. இசிஎம் அதை நம்பிக்கொண்டு கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கும். இனி, இசிஎம் பார்க்கவே முடியாதவை: சிலிண்டரின் கம்ப்ரஷன், பிளக்கில் பாயும் தீப்பொறியின் வலு, இன்ஜின் எர்த்தின் தரம், மவுண்டிங்கின் ரப்பர். உங்கள் காரைப் போன்ற பெரும்பாலான கார்களில் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கவும் சென்சார் கிடையாது. ஆகவே, கோடு இல்லை என்பதையே ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளலாம். முழுதாகச் செத்துப்போன சென்சாரோ அறுந்த ஒயரோ இருக்கும் வாய்ப்பு குறைவு என்கிறது அது. அந்தத் தகவலைக் கையில் வைத்துக்கொண்டே சென்சார்களை ஒவ்வொன்றாக மாற்றுவது ஏனென்று எனக்குப் புரிவதில்லை.

அடுத்த வேலைக்குப் போகுமுன் ஒரு வேண்டுகோள். யாரும் பேட்டரி ஒயரைக் கழற்ற விடாதீர்கள். 'ரீசெட் செய்து பார்ப்போம்' என்று சொல்லி முதல் வேலையாக அதைத்தான் செய்கிறார்கள். இசிஎம் இத்தனை நாளாகச் சேர்த்துவைத்த தற்காலிகக் குறிப்புகளும், எரிபொருள் திருத்தங்களும் அதோடு போய்விடும். போதாததற்கு, ஐடில் திருத்தமும் அழிந்து இரண்டு நாளைக்கு வேறுவிதமாக ஓடும். உடனே 'முன்னேற்றம் தெரிகிறது' என்பார்கள். ஸ்கேனரில் பதிவான கோடுகளுக்கு அப்பால் வேறு பக்கங்களும் உண்டு. நிலுவையில் இருக்கும் கோடுகள் (மேலே சொன்ன தற்காலிகக் குறிப்புகள்) ஒன்று, மோட் 6 என்னும் சுயபரிசோதனை முடிவுகள் இன்னொன்று. கேன் என்னும் உள் தகவல் இணைப்புள்ள பல கார்களில் மோட் 6-இல் சிலிண்டர் வாரியாக மிஸ்ஃபயர் எண்ணிக்கையே கிடைக்கும். மூன்றாம் சிலிண்டரில் மட்டும் எண் ஏறியிருந்தால் பாதி வேலை முடிந்தது. 'ரெடினஸ்' என்ற பக்கத்தையும் பாருங்கள். பல சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால், அண்மையில் யாரோ நினைவகத்தை அழித்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படியானால் 'கோடு இல்லை' என்ற சான்றிதழுக்கு மதிப்பே இல்லை.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே பிரித்துவிடலாம். உதறல் வேறு, மிஸ் அடிப்பது வேறு. சூடான இன்ஜினை நியூட்ரலில் ஓடவிட்டு, சைலன்சர் முனையிலிருந்து சற்றுத் தள்ளி உள்ளங்கையைக் காட்டுங்கள். காற்று ஒரே சீராகத் தட்டினால் எரிவதில் குறையில்லை. மவுண்டிங் ரப்பர் அமுங்கி, அதிர்வு பாடிக்கு இறங்குகிறது. நடுநடுவே ஒரு தட்டு விட்டுப்போனால் மிஸ். உங்களுக்குத் திணறலும் அணைவதும் சேர்ந்து வருவதால் மவுண்டிங் மட்டுமாக இருக்காது. ஆனாலும் பத்து வயதுக் காரில் அதுவும் உடன் இருக்கலாம், பார்த்துவிடுங்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருவோம். 'சூடானால் வருகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான மெக்கானிக்குகள் இதைக் கேட்டதும் சூட்டில் கெட்டுப்போகும் பாகத்தைத் தேடுவார்கள். அது ஒரு வழிதான். இன்ஜின் சூடானதும் வெப்பத்தைத் தவிர வேறு பலவும் மாறுகின்றன. ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு இசிஎம் பெட்ரோலைத் திருத்தத் தொடங்குகிறது. டேங்க் ஆவியை உறிஞ்சும் பர்ஜ் வால்வைத் திறக்கிறது. ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிக்கிறது. வால்வுகள் நீள்கின்றன. பெட்ரோலும் சூடாகிறது. உங்கள் கோளாறு இவற்றில் எதனோடு சேர்ந்து வருகிறது என்று பிடித்துவிட்டால் பாகத்தின் பெயர் தானாக வந்துவிடும்.

இதற்குத் தேவை, ஓடும் இன்ஜினின் எண்களைக் காட்டும் ஒரு கருவி. மொபைலோடு இணையும் மலிவான புளூடூத் ஓபிடி அடாப்டர் போதும். அதன் குறை, வேகம். பத்து எண்களை ஒரே நேரத்தில் கேட்டால் ஒவ்வொன்றும் சில நொடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். அந்த இடைவெளியில் மிஸ்ஃபயர் வந்து போய்விடும். மூன்று, நான்கு எண்களுக்கு மேல் ஒரே தடவையில் பதிவு செய்யாதீர்கள்.

இந்தக் கருவியோடு முதல் பரிசோதனை, இரவு முழுவதும் நின்ற கார். காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து கூலன்ட் வெப்பநிலையையும், உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டும் சில டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும், வெளி வெப்பநிலையோடும் பொருந்த வேண்டும். ஒன்று 28, மற்றொன்று 45 என்றால் எது பொய் சொல்கிறது என்று கேட்கவே வேண்டாம். அதே நிலையில், இன்டேக் மேனிஃபோல்டின் (காற்றை உறிஞ்சும் குழாயின்) அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரையும் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது அது வெறும் காற்றழுத்தமானி. சென்னையில் 100 கிலோபாஸ்கலுக்கு அருகிலும், கோவையில் 96 அளவிலும், ஊட்டியில் 77, 78 அளவிலும் காட்டும். ஸ்டார்ட் செய்து சூடேறிய பின், ஏசி இல்லாத ஐடிலில் பெரும்பாலான கார்களில் 30 முதல் 40 வரை இருக்கும். 50-ஐ நெருங்கினால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது கம்ப்ரஷன் குறைந்திருக்கிறது, அல்லது வால்வ் டைமிங் நகர்ந்திருக்கிறது.

அடுத்தது ஃபியூவல் டிரிம். ஆக்சிஜன் சென்சார் சொல்வதை வைத்து இசிஎம் பெட்ரோலில் செய்யும் கூட்டல் கழித்தல் அது. குறுகிய காலத் திருத்தம், நீண்ட காலத் திருத்தம் என இரண்டு எண்கள் சதவீதத்தில் வரும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டல் 10-க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். பல கார்களில் 25-ஐ ஒட்டித்தான் கோடு விழும். இடையில் உள்ள அந்தப் பரப்பில் கார் மாதக்கணக்கில் திணறிக்கொண்டே ஓடலாம், ஸ்கேனர் ஒன்றும் சொல்லாது. ஐடிலில் +18, அதே இன்ஜின் 2500 ஆர்பிஎம்மில் +3 என்றால் உறிஞ்சு குழாயில் எங்கோ கசிவு. ஐடிலில் காற்று குறைவு என்பதால் சிறு கசிவும் பெரிதாகத் தெரியும். மாறாக, ஐடிலில் சரியாக இருந்து மேட்டில் ஏறும்போது +20 என்று ஏறினால் பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை. எதிர்ப்பக்கம் -15 என்று இறங்கினால் கேட்காத பெட்ரோல் எங்கிருந்தோ வருகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மேலே சொன்ன கசிவுக் கணக்கு, காற்றை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள கார்களுக்கு அப்படியே பொருந்தும். இந்தியச் சாலைகளில் ஓடும் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் அந்தச் சென்சார் கிடையாது. மேப் சென்சாரின் அழுத்தத்தை வைத்துத்தான் காற்றைக் கணக்கிடுகின்றன. கசிவு வழியாக நுழையும் காற்றும் அந்த அழுத்தத்தை உயர்த்தும் என்பதால் இசிஎம் அதற்கும் பெட்ரோல் கொடுத்துவிடும். டிரிம் அவ்வளவாக அசையாது. ஐடில் வேகம் ஏறும், அல்லது காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டில் வழக்கத்தைவிட அதிகமாக மூடிக்கொள்ளும். உங்கள் காரில் எது என்று தெரிந்துகொண்டு எண்களைப் படியுங்கள்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாட்டில் சராசரி எத்தனால் கலப்பு 2022இல் 10 சதவீதத்தை எட்டியது. 2025இல் 20 சதவீதப் பெட்ரோல் எங்கும் பரவிவிட்டது. சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். கணக்குப் போட்டால் 10 சதவீதக் கலப்பிலிருந்து 20-க்கு மாறும்போது டிரிம் தானாகவே சுமார் 4 கூடும். பழைய காரில் +5, +6 பார்த்துப் பதற வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் வேறெதனாலோ ஏற்கெனவே +15-இல் ஓடிக்கொண்டிருந்த காரை அந்த 4 வெளிப்படையாகத் திணற வைத்துவிடும். பழைய டேங்கின் அடியில் படிந்த அழுக்கை எத்தனால் கிளறிவிட்டு ஃபில்டரை அடைப்பதும் உண்டு.

சரி, சூடானதும் மாறுபவற்றை ஒவ்வொன்றாகப் பிடிப்போம்.

ஆக்சிஜன் சென்சார். சூடான இன்ஜின் உதறிக்கொண்டிருக்கும்போது முன் சென்சாரின் கப்ளரைக் கழற்றுங்கள். சைலன்சர் பக்கம் கொதிக்கும், கை பத்திரம். திருத்தம் நின்று, இசிஎம் தன் மனப்பாடக் கணக்குக்குத் திரும்பும். உடனே இன்ஜின் அமைதியானால், அந்தச் சென்சார் சொல்லும் செய்தியில் பொய் இருக்கிறது. சென்சாரே கெட்டிருக்கலாம், அல்லது அதற்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் விட்டு வெளிக்காற்று உள்ளே போகலாம். வெளிக்காற்றின் ஆக்சிஜனைப் பார்த்த சென்சார் 'பெட்ரோல் போதவில்லை' என்று கூச்சலிடும். நீங்கள் சென்சாரை மாற்றியும் பயனில்லை என்பதால் இந்த இரண்டாவது காரணத்தைக் கொஞ்சம் பாருங்கள். இந்தச் சோதனையில் ஒரு கோடு நிச்சயம் பதியும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பர்ஜ் வால்வ். என் சந்தேகப் பட்டியலில் இது மேலே இருக்கிறது, காரணம் நம் பங்க் பழக்கம். நாசில் தானாக நின்ற பிறகும் 'ரவுண்டாகப் போட்டுவிடுங்கள்' என்று கழுத்துவரை நிரப்புகிறோம். ஆவியை மட்டும் பிடிக்க வேண்டிய கரி டப்பாவுக்குள் திரவப் பெட்ரோலே போய்விடுகிறது. குளிர்ந்த இன்ஜினில் பர்ஜ் வால்வ் மூடியிருப்பதால் ஒன்றும் தெரியாது. சூடேறியதும் இசிஎம் அதைத் திறக்கும், அடர்ந்த பெட்ரோல் ஆவி உள்ளே பாயும், டிரிம் கழித்தலில் இறங்கும், ஐடில் உதறும். சோதிப்பது எளிது. உதறும்போது வால்விலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் மெல்லிய ஹோஸை நசுக்கிப் பிடியுங்கள். ஐடில் சீரானால் விஷயம் இங்கேதான். நிரப்பியவுடன் மறுபடி ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுகிறதா என்பதையும் கவனியுங்கள், அது இதன் உடன்பிறந்த அறிகுறி.

ரேடியேட்டர் ஃபேன். இதை யாரும் சந்தேகிப்பதில்லை. நான் பார்த்த ஒரு காரில் உங்கள் புகார்தான், ஏறக்குறைய வரிக்கு வரி. சூடானால் ஐடில் ஆடும், கோடு இல்லை, சில சென்சார்கள் ஏற்கெனவே புதிதாகியிருந்தன. பானட்டைத் திறந்துவைத்துக் காத்திருந்தபோது ஃபேன் ஓடத் தொடங்கிய அதே நொடியில் இன்ஜின் குலுங்கியது. ஃபேன் நின்றதும் சரியானது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும், மறு முனையை இன்ஜின் பிளாக்கின் துருவில்லாத உலோகத்திலும் வைத்தால், ஃபேனும் ஹெட்லைட்டும் ஓடும்போது 0.6 வோல்ட் காட்டியது. அங்கே 0.1-க்கு மேல் இருக்கவே கூடாது. பேட்டரித் தட்டுக்குக் கீழே பாடியோடு எர்த் ஒயரை இறுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினோம். வெளியே பார்க்கப் பளபளப்பு. ஒயர் முனையிலுள்ள லக்கின் அடிப்பக்கம் முழுவதும் பச்சைப் பூச்சு, அதற்கும் கீழே பெயின்ட். பேட்டரி மாற்றியபோது யாரோ வேறு துளையில் இறுக்கியிருக்கிறார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட்டைச் சுரண்டி இறுக்கியதும் எண் 0.05-க்குக் கீழே வந்தது. ஃபேனின் மின்சாரம் அந்த மோசமான எர்த் வழியாகத் திரும்பும்போது, அதே எர்த்தை நம்பியிருந்த சென்சார்களின் எண்கள் எல்லாம் சேர்ந்து சற்று மேலே நகர்ந்திருக்கின்றன. எந்த எண்ணும் வரம்பைத் தாண்டவில்லை, அதனால் கோடும் இல்லை. இந்தச் சோதனைக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். முதலில் இதைச் செய்யுங்கள். சார்ஜிங் வோல்டேஜும் 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் இருக்கிறதா என்று அதே கையோடு பார்த்துவிடலாம்.

இனி, உண்மையிலேயே சூட்டில் கெடும் பாகங்கள்.

இக்னிஷன் காயில். உள்ளிருக்கும் மெல்லிய கம்பியின் காப்பு சூட்டில் விரிந்து கசியத் தொடங்கும். மின்னழுத்தம் அதிகம் தேவைப்படும் நேரத்தில், அதாவது மூன்றாம் கியரில் அழுத்தும்போதுதான், முதலில் தோற்கும். உங்கள் திணறல் அதற்குப் பொருந்துகிறது. காயிலைக் கழற்றி உள்ளே இருக்கும் ரப்பர் உறையை வெளிச்சத்தில் பாருங்கள். பிளக்கின் வெள்ளைப் பீங்கானையும் பாருங்கள். பென்சிலால் இழுத்ததுபோல மேலிருந்து கீழே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் தீப்பொறி அந்த வழியாக வெளியே ஓடுகிறது. அந்தக் கறுப்புத் தடம் விழுந்துவிட்டால் புதுப் பிளக் மட்டும் போட்டுப் பயனில்லை, ரப்பர் உறையின் உள்சுவரிலும் அதே தடம் இருக்கும். புதுப் பிளக்கையும் அது சில வாரத்தில் கெடுத்துவிடும். நீங்கள் பிளக் மாற்றியபோது பழையதைப் பத்திரப்படுத்தியிருந்தால் எடுத்துப் பாருங்கள். இருட்டிய பிறகு இன்ஜின் ஓடும்போது காயில் பக்கம் தண்ணீரை மிக மெல்லிய தூவலாக அடித்தால் சில கார்களில் நீலப் பொறி கண்ணுக்கே தெரியும். கையை உள்ளே விடாதீர்கள், அந்த மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் என்றால் சந்தேகப்படும் சிலிண்டரின் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, மிஸ்ஃபயர் கூடவே இடம்பெயர்கிறதா என்று மோட் 6-இல் பார்க்கலாம். செலவில்லாத சோதனை.

கிராங்க் சென்சார். தானாக அணைந்துபோவதற்கு இது பெயர்போன காரணம். சூட்டில் சமிக்ஞை நின்றால், இன்ஜினே நின்றுவிட்டது என்று இசிஎம் எடுத்துக்கொள்கிறது. நின்ற இன்ஜினுக்கு எதற்குக் கோடு? அடுத்த முறை அணையும்போது, கார் கியரில் உருண்டுகொண்டிருக்கும் அந்தச் சில நொடியில் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். சக்கரம் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போதே முள் பூஜ்யத்தில் விழுந்து கிடந்தால் சமிக்ஞைதான் போயிருக்கிறது. சென்சார், அதன் கப்ளர், ஒயர், அல்லது மெயின் ரிலே. முள் இன்ஜினோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் பெட்ரோல் அல்லது காற்றின் பக்கம் போங்கள். நின்றபின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் சுழற்றும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் வருகிறதா என்று பாருங்கள். ஈரத்துணியால் சென்சாரைச் சற்றுக் குளிர்வித்ததும் ஸ்டார்ட் ஆனால் மேற்கொண்டு தேட வேண்டியதில்லை.

பெட்ரோல் பம்ப். டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பது சுற்றியுள்ள பெட்ரோல்தான். முள் 'இ' அருகே இருக்கும்போது மட்டும் அதிகம் தொந்தரவு தருகிறதா என்று யோசித்துப் பாருங்கள். அழுத்தத்தைக் கேஜ் மாட்டித்தான் அளக்க வேண்டும். இந்த வகைக் கார்களில் 3 முதல் 4 பார் இருக்கும், சரியான எண் உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். ஐடிலில் சரியான எண்ணைக் காட்டுவதோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது. அடைபட்ட ஃபில்டரும் களைத்த பம்பும் ஐடிலுக்குப் போதுமான பெட்ரோலைத் தந்துவிடும், சுமையில்தான் தோற்கும். இதைச் சூடான இன்ஜினில், தீயணைப்பான் பக்கத்தில் உள்ள ஒரு பட்டறையில் செய்யச் சொல்லுங்கள், வீட்டு வாசலில் வேண்டாம். பம்பின் மேல்மூடியில் உள்ள கப்ளரையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறியிருந்தால் பம்புக்கு முழு வோல்டேஜ் போகவில்லை.

உங்கள் கார் எப்போதாவது எல்பிஜி அல்லது சிஎன்ஜியில் ஓடியதா? நீங்கள் அதை எழுதவில்லை. ஓடியிருந்தால் நான் மேலே சொன்னதை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு முதலில் வால்வ் இடைவெளியைப் பார்க்கச் சொல்வேன். கேஸில் ஓடும் இன்ஜினில் வால்வ் அமரும் இடம் தேய்ந்து, இடைவெளி இறுகிவிடும். சூட்டில் வால்வ் நீண்டதும் முழுதாக மூடாது. ஐடிலில் கம்ப்ரஷன் கசிந்து மிஸ் அடிக்கும். வேகம் கூடியதும் கசிய நேரமில்லாமல் சரியாகிவிடும். குளிர்ந்த இன்ஜினில் கம்ப்ரஷன் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்பவர்களிடம், சூடாக இருக்கும்போது பார்க்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பதுதான் கேள்வி. ஒன்று மட்டும் கணிசமாகக் குறைந்தால் அங்கே நில்லுங்கள். உறிஞ்சு குழாயின் வெற்றிடத்தை அளக்கும் பழைய வேக்குவம் கேஜ் யாரிடமாவது இருந்தால் அதுவும் இதைச் சொல்லும். கடல் மட்டத்தில் நல்ல இன்ஜின் 17 முதல் 21 பாதரச அங்குலம் அசையாமல் காட்டும். வால்வ் கசிந்தால் முள் ஒரே தாளத்தில் துடிக்கும். 2500 ஆர்பிஎம்மில் பிடித்துவைக்கும்போது முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் கேடலிடிக் கன்வெர்ட்டர் அடைபட்டிருக்கிறது. திணறலுக்கு அதுவும் ஒரு காரணம்.

திராட்டில் பாடியில் கரி, இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வ், அரைகுறையாக மூடும் இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் வால்வ்) இவையெல்லாம் ஐடிலைக் கெடுப்பவைதான். ஆனால் பெரும்பாலும் குளிரிலும் கெடுக்கும். உங்கள் காரில் காலையில் தொந்தரவு இல்லை என்பதால் இவற்றைக் கடைசிக்குத் தள்ளுகிறேன்.

இசிஎம்மை எப்போது சந்தேகிக்கலாம்? அதற்குள் போகும் மின்சாரமும், அதன் எர்த்தும், சென்சார்களுக்கு அது தரும் 5 வோல்ட்டும் கோளாறு நடக்கும் அதே நேரத்தில் சரியாக இருப்பதை ஒருவர் மீட்டரில் காட்டிய பிறகு. அல்லது பெட்டிக்குள் தண்ணீர் போன தடம் இருந்தால். பழைய இசிஎம் வாங்கி மாட்டினால் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியோடு பொருத்தும் வேலை தனியாக வரும். அந்தச் செலவில் மேலே உள்ள சோதனைகள் அனைத்தையும் செய்துவிடலாம்.

அணைந்துபோகும் பழக்கம் தீரும்வரை மலைப்பாதைக்கும் நெடுஞ்சாலைக்கும் இந்தக் காரை எடுக்காதீர்கள். இன்ஜின் நின்றால் பிரேக் பூஸ்டரில் மிஞ்சும் வேக்குவம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். அதன்பின் பெடல் கல்லாகிவிடும். ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

அடுத்த முறை எழுதும்போது இவற்றை மட்டும் குறித்து அனுப்புங்கள்: காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் கூலன்ட், காற்று இரண்டின் வெப்பநிலை, சூடான ஐடிலில் மேப் எண்ணும், கூட்டிய டிரிம்மும், பிறகு 2500 ஆர்பிஎம்மில் அதே டிரிம், ஃபேன் ஓடும்போது இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் இடையே உள்ள வோல்ட், பர்ஜ் ஹோஸை நசுக்கியபோது என்ன நடந்தது, கார் கேஸில் ஓடியதா. இவை கிடைத்தால் எந்தப் பக்கம் தேடுவது என்று சொல்லிவிடலாம்.